கிட்டார் கம்பி விமர்சனங்களும் என் தப்பும்

இரண்டு வருஷம் முன்னாடி கிட்டார் கம்பிகளைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அக்கூஸ்டிக் கிட்டாரில் மூணு வகைக் கம்பி மாட்டிப் பார்த்து, எது நல்லா இருக்குன்னு வரிசைப்படுத்தின குறிப்பு. இன்னைக்கும் யாராவது அதைத் தேடி வந்து படிச்சிட்டு, "எந்த செட் வாங்கலாம்?"னு கேட்டு எழுதுறாங்க. அதில் இரண்டு தீர்ப்பு சொல்லியிருந்தேன்.

ஒண்ணு: 80/20 ப்ரோன்ஸ் கம்பியை விட பாஸ்பர் ப்ரோன்ஸ் கம்பிதான் சிறந்தது, ஒலி "வார்ம்" ஆக இருக்கு.

இரண்டு: 12 கேஜுக்குக் கீழே மாட்டினா அது கொசு சத்தம். கிட்டாரே இல்லை.

இப்போ முதல் தீர்ப்பைப் பாதியும், இரண்டாவதை முழுசாவும் திரும்ப வாங்கிக்கிறேன். சும்மா "மன்னிக்கவும், திருத்தம்"னு ஒரு வரி போட்டு முடிச்சிருக்கலாம். ஆனா நான் தப்புப் பண்ணின விதம் எனக்கு மட்டும் சொந்தமானது இல்லை. நான் படிச்ச, பார்த்த கம்பி விமர்சனங்களில் முக்கால்வாசி இதே வழியில்தான் தடுக்கி விழுது. இரண்டாவது தப்புக்கு விலை கொடுத்தது நான் இல்லை, என் பொண்ணு. அதனால விவரமாவே எழுதுறேன்.

பேரிலேயே குழப்பம்

முதலில் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம். 80/20 ப்ரோன்ஸ் என்பது 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தா அது வெண்கலம் இல்லை, பித்தளை. ஊர்ல எந்தப் பாத்திரக்கடையில கேட்டாலும் சொல்லிடுவாங்க. பாஸ்பர் ப்ரோன்ஸ்தான் நிஜமான வெண்கலம்: சுமார் 92 சதவீதம் செம்பு, மீதி பெரும்பாலும் வெள்ளீயம், கூடவே துளியளவு பாஸ்பரஸ். கிட்டார் உலகத்துக்கு இது அப்படி ஒண்ணும் பழசு இல்லை. 1974-ல் டி'அடாரியோ கம்பெனி கொண்டு வந்தது.

விமர்சனங்கள் திரும்பத் திரும்பச் சொல்றது இது: 80/20 "பிரைட்", பாஸ்பர் ப்ரோன்ஸ் "வார்ம்". நானும் அதையே எழுதினேன். ஆனா தமிழ்க் காதுக்கு வெண்கலம்னா என்ன? கோயில் மணி. சீர்காழி கோவிந்தராஜனை வெண்கலக் குரல்னு சொன்னா, கதகதப்பான குரல்னு யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க. கணீர்னு ஒலிக்கிற குரல். நம்ம கணக்குப்படி வெண்கலம்தான் "பிரைட்" ஆக இருக்கணும்! பாக்கெட் நேர்மாறா சொல்லுது. இந்த முரண்பாடு அன்னைக்கு என் கண்ணில் படவே இல்லை. "வார்ம்"ங்கிற வார்த்தையைத் தமிழ்ல யோசிச்சுப் பார்க்காம அப்படியே கடன் வாங்கினதுதான் காரணம்.

முரண்பாட்டுக்கு விடை கம்பியோட அமைப்பில் இருக்கு. மணியில் வெண்கலமே அதிர்ந்து ஒலிக்குது. கிட்டார் கம்பியில் அப்படி இல்லை. நடுவில் இருக்கிற எஃகு நரம்புதான் இழுவிசையைத் தாங்குது. அதைச் சுற்றியிருக்கிற பித்தளையோ வெண்கலமோ பெரும்பாலும் வெறும் எடை. கனமான கம்பி மெதுவா அதிரும், தாழ்ந்த சுரம் கிடைக்கும். ஒரே எஃகைத் தடிமனாக்கினாலும் எடை கூடும், ஆனா கம்பி விறைப்பாகி மேல்சுரங்கள் ஸ்ருதி விலகும். விறைப்பு ஏறாம எடையை மட்டும் ஏத்தறதுக்குத்தான் இந்தச் சுற்று. எடை விஷயத்தில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கன சென்டிமீட்டருக்கு ஒண்ணு 8.7 கிராம், இன்னொண்ணு 8.8 கிராம், அவ்வளவுதான். உலோகம் அதிர்வை எவ்வளவு சீக்கிரம் விழுங்குது, வியர்வையில் எவ்வளவு சீக்கிரம் கறுக்குதுன்னு வேற வித்தியாசங்கள் உண்டு. ஆனா "மணி மாதிரி", "தங்கம் மாதிரி"ன்னு உலோகத்தோட பேரை வெச்சு ஒலியைக் கற்பனை பண்ணினா ஏமாந்துதான் போவோம்.

இன்னொரு விஷயம். ஆறு கம்பியில் மேல் சுரத்துக்கான முதல் இரண்டு கம்பிகளுக்குச் சுற்றே கிடையாது. வெறும் எஃகு. பாக்கெட்டில் 80/20ன்னு இருந்தாலும், பாஸ்பர் ப்ரோன்ஸ்னு இருந்தாலும் அந்த இரண்டும் எஃகுதான். என் பழைய குறிப்பில் ஒரு வரி இருக்கு: பாஸ்பர் ப்ரோன்ஸ் மாட்டினதும் "முதல் கம்பியில் ஒரு இனிமை வந்தது". வெண்கலமே இல்லாத கம்பியில் வெண்கலத்தோட இனிமையைக் கேட்டிருக்கேன்! இந்த ஒரு வரி போதும், அந்தக் குறிப்பு எந்த லட்சணத்தில் எழுதப்பட்டதுன்னு சொல்ல.

எதை எதோடு ஒப்பிட்டேன்?

யோசிச்சுப் பார்த்தா நடந்தது ரொம்ப சாதாரணம். கிட்டாரில் நாலு மாசப் பழசான 80/20 செட் இருந்தது. அதைக் கழற்றிட்டு புது பாஸ்பர் ப்ரோன்ஸ் மாட்டினேன். ஆஹா, என்ன நாதம்! உடனே உட்கார்ந்து எழுதிட்டேன்.

பழைய கம்பி எப்படிச் செத்துப்போகுதுன்னு பார்த்தா இது புரியும். விரலோட எண்ணெய், வியர்வை உப்பு, உதிர்ந்த தோல் எல்லாம் சுற்றுகளுக்கு நடுவில் போய் அடைக்குது. சென்னைக் காத்தும் தன் பங்குக்கு உதவும். அழுக்கு ஒரே சீரா படியாது. அதனால் கம்பியோட எடை இடத்துக்கு இடம் மாறி, ஸ்ருதி சேர மாட்டேங்குது. அதோட அந்த அழுக்கு மேல்சுரங்களை முதலில் விழுங்கிடுது. அடிச்சுரம் மட்டும் "தொப்"னு கேட்கும். இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால தினம் வாசிக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு நாள் புதுசு மாட்டும்போது நாலு மாச இழப்பும் ஒரே நிமிஷத்தில் திரும்பி வருது. அந்த மகிழ்ச்சி நிஜம். ஆனா அதுக்குக் காரணம் உலோகம் இல்லை, புதுசு. அன்னைக்கு மறுபடியும் புது 80/20 மாட்டியிருந்தாலும் இதே "ஆஹா" வந்திருக்கும்.

கம்பி விமர்சனத்தோட அடிப்படைக் கோளாறு இதுதான். விமர்சனம் பண்றவர் கையில் எப்பவும் ஒரு பக்கம் செத்த கம்பி, இன்னொரு பக்கம் புதுக் கம்பி. போட்டி தொடங்கும் முன்னாடியே முடிஞ்சு போச்சு. அதனாலதான் எந்தக் கம்பியைப் பற்றிப் படிச்சாலும் "என் கிட்டாருக்கு உயிர் வந்துவிட்டது"ன்னு இருக்கு. உயிர் எல்லாத்துலயும்தான் வருது.

பேர் தெரியாமல் கேட்டுப் பார்த்தேன்

சரி, முறையா ஒரு தடவை செஞ்சு பார்ப்போம்னு இந்த வருஷம் உட்கார்ந்தேன். ஒரே கம்பெனி, ஒரே 12 கேஜ். 80/20 ஒரு செட், பாஸ்பர் ப்ரோன்ஸ் ஒரு செட். என்னிடம் இருப்பது ஒரே கிட்டார், எனவே மாத்தி மாத்தித்தான் மாட்டணும். ஒரு செட்டைக் கழற்றி இன்னொண்ணை மாட்டி ஸ்ருதி சேர்க்க அரை மணி நேரம். அதுக்குள்ள முந்தின ஒலி காதில் நிக்காது, அதைப் பற்றின அபிப்பிராயம்தான் நிக்கும். அதனால பதிவு பண்ணிக் கேட்கிறதைத் தவிர வேற வழியில்லை.

மாட்டி ஒரு நாள் கழிச்சு, ஸ்ருதி நிலைச்ச பிறகு பதிவு. அதே நாற்காலி, அதே பிக், மைக் தூரத்தை ஸ்கேல் வெச்சு அளந்தேன். வாசிச்சது 'இளைய நிலா' பாட்டோட தொடக்கம். தமிழ்நாட்டில் கிட்டார் வாங்கினவன் எவனும் அதைத் தொடாம இருந்ததில்லை, என் கைக்கு மனப்பாடம். ஒலி அளவையும் மென்பொருளில் சமன் செய்தேன், ஏன்னா கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை "நல்லா இருக்கு"ன்னு சொல்லிடும். கோப்புகளுக்குப் பேர் மாத்திக் கலைச்சுப் போடுறது மனைவியோட பொறுப்பு. "ஏங்க, உங்க ஆபீஸ்ல இதெல்லாம் கேக்கவே மாட்டாங்களா?"ன்னு சொல்லிக்கிட்டேதான் செஞ்சாங்க.

மூணு சோதனை, ஒவ்வொண்ணிலும் பத்து தடவை கேட்டுக் கண்டுபிடிக்கணும்.

நாலு மாசப் பழைய கம்பியா, புதுசா? பத்துக்குப் பத்து. ஹெட்போனே தேவையில்லை.

புது 80/20-ஆ, புது பாஸ்பர் ப்ரோன்ஸா? பத்துக்கு ஒன்பது. நாணயம் சுண்டி இந்த அளவு சரியா சொல்ல நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதாவது வித்தியாசம் நிஜமாவே இருக்கு. 80/20 இன்னும் கொஞ்சம் கணீர்னு, சில்லுனு கேட்டது. விமர்சனங்கள் சொல்ற திசை சரிதான். அதனாலதான் முதல் தீர்ப்பில் பாதியை வெச்சுக்கிறேன்.

இரண்டு செட்டையும் தலா மூணு வாரம் வாசிச்ச பிறகு மறுபடி பதிவு பண்ணி அதே கேள்வி. பத்துக்கு ஆறு. நாணயம் சுண்டினாலே ஆறும் அதுக்கு மேலும் வர கிட்டத்தட்ட நூற்றில் 38 வாய்ப்பு இருக்கு. அதாவது எனக்குத் தெரியல.

நான் பக்கம் பக்கமா எழுதின வித்தியாசத்தோட ஆயுள், என் வியர்வையில், மூணு வாரத்துக்கும் கம்மி. இன்னொருத்தர் கையில் இது மாறலாம். என் ஒரு கிட்டார், என் ஒரு ஜோடிக் காது, இதுக்கு மேல இதில் எதையும் நிரூபிக்க முடியாது.

போற போக்கில் ஒண்ணு கவனிச்சேன். மீட்டுற இடத்தை ஒலித்துளையிலிருந்து பிரிட்ஜ் பக்கம் நாலு விரற்கடை நகர்த்தினா வர்ற மாற்றம், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற மாற்றத்தை விடப் பெரிசு. பிக்கை மெலிசாக்கினாலும் அப்படித்தான். இரண்டும் கிட்டத்தட்ட இலவசம்.

12 கேஜும் என் பொண்ணும்

இப்போ இரண்டாவது தீர்ப்பு.

கேஜ் என்பது முதல் கம்பியோட தடிமன். 12ன்னா அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, சுமார் 0.30 மி.மீ. 10ன்னா 0.25 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனா 1636-ல் மெர்சென் எழுதி வெச்ச விதி ஒண்ணு இருக்கு. அதன்படி ஒரே நீளம், ஒரே சுரம்னா இழுவிசை கம்பியோட எடையைப் பொறுத்தது. எடை தடிமனோட வர்க்கம். பொண்ணோட கிட்டாரில் கம்பியின் நீளம் 634 மி.மீ. கணக்குப் போட்டா முதல் கம்பி 12-ல் சுமார் 10.2 கிலோ, 11-ல் 8.6 கிலோ, 10-ல் 7.1 கிலோ இழுக்குது. தடிமன் 17 சதவீதம்தான் குறையுது, இழுவிசை 30 சதவீதத்துக்கு மேல குறையுது. ஆறு கம்பியும் சேர்ந்து 12 செட்டில் 70 கிலோவுக்குப் பக்கம், 10 செட்டில் 60 கிலோவுக்குப் பக்கம்.

இந்தக் கணக்கு எனக்கு இரண்டு வருஷம் முன்னாடியும் தெரியும். அன்னைக்கு நான் அதைப் பயன்படுத்தினது ஒரே ஒரு வாதத்துக்கு: இழுவிசை அதிகமா இருந்தா பலகை நல்லா அதிரும், ஒலி பெரிசா வரும். இது உண்மைதான். அதை நம்பி, ஏழாவது படிச்சுக்கிட்டிருந்த பொண்ணோட கிட்டாரிலும் 12 மாட்டிட்டேன். இழுவிசையோட அடுத்த முனையில் ஒரு விரல் இருக்குன்னு நினைக்கல.

"அப்பா, கை வலிக்குதுப்பா"ன்னு சொன்னா.

"எல்லாருக்கும் ஆரம்பத்துல வலிக்கும்டா. காய்ப்பு வந்துட்டா சரியாயிடும்"னேன். இதுவும் உண்மைதான். பிரச்சினை என்னன்னா, உண்மையான இரண்டு வாக்கியத்தை வெச்சு ஒரு தப்பான முடிவை மூடி மறைக்க முடியும்.

எஃப் கார்ட் வந்த இடத்தில் நின்னுட்டா. முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை மட்டமா வெச்சு ஆறு கம்பியையும் அமுக்கணும். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி ரொம்ப விறைப்பா இருக்கும், அங்கே அமுக்குறதுதான் ரொம்பக் கஷ்டம். இரண்டு கம்பி பேசும், நாலு கம்பி "தட் தட்"னு செத்த சத்தம் கொடுக்கும். கொஞ்ச நாளில் கிட்டார் அலமாரி மேல போயிடுச்சு. ஆர்வம் போயிடுச்சுன்னு நினைச்சேன். நினைச்சதோட நிக்கல, சொல்லவும் செஞ்சேன்: "எதையும் முழுசா செய்யறதில்லை." அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்க ஒரு வழியும் இல்லை. பழைய குறிப்பை அடிச்சுத் திருத்துற மாதிரி அதைத் திருத்த முடியாது.

சோதனையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு அவளே வந்தா. "10 போட்டு என் கிட்டாரையும் ரெக்கார்ட் பண்ணலாமா?" விளையாட்டா ஆரம்பிச்சது. முதலில் புது 12 மாட்டி அவள் வாசிச்சா, பதிவு பண்ணினேன். பிறகு புது 10. எட்டு பார் கார்டுகள், நடுவில் எஃப். பேர் கலைச்சுப் போட்டு, "இதுல எது 12?"ன்னு கேட்டாங்க.

நிறைவா, முழுசா, ஆறு கம்பியும் பேசுற ஒண்ணைக் காட்டி "இதுதான் 12, சந்தேகமே இல்லை"ன்னேன். அது 10.

இன்னொரு பதிவில் தொடைகட்டை மாதிரி "தொப்"னு விழுந்த எஃப் கார்டைத்தான் நான் "மெலிசான கம்பி, உடம்பு இல்லை"ன்னு முடிவு பண்ணியிருந்தேன். கம்பிக்கு உடம்பு இருந்தது. அதை அமுக்க அவள் விரலுக்குத்தான் பலம் போதல.

என் கிட்டாரில் நானே 12-ம் 10-ம் மாட்டி வாசிச்சுக் கேட்டப்போ பத்துக்குப் பத்து சரியா சொன்னேன். 12-க்கு அடிச்சுரம் கனமா இருக்கு, சத்தமும் கூட. அதனால கேஜில் வித்தியாசம் இல்லைன்னு நான் சொல்ல வரலை. வித்தியாசம் இருக்கு, உலோகத்தை விட ரொம்பப் பெரிசாவே இருக்கு. ஆனா அது கையைக் கடந்துதான் காதுக்கு வருது. நாற்பது வயசுக் கைக்கு நல்ல ஒலி கொடுக்கிற கம்பி பதிமூணு வயசுக் கைக்குக் கெட்ட ஒலி கொடுக்கும். என் விமர்சனத்தில் கை என்ற பேச்சே இல்லை. கம்பி தானே வாசிச்சுக்கிற மாதிரி எழுதியிருந்தேன்.

பதிவு முடிஞ்ச பிறகு கிட்டாரை ரிப்பேர் பண்றவர்கிட்ட காட்டினேன். பார்த்தவுடனே நட் பள்ளம் உயரம்னு சொல்லி அரத்தால கொஞ்சம் இறக்கினார். கம்பி மெலிசானதால கழுத்து பின்னாடி சாயும், ஃப்ரெட்டில் உரசும்னு சொல்லி உள்ளே இருக்கிற கம்பித்தண்டையும் கால் திருகு தளர்த்தினார். இதில் எது எவ்வளவு உதவிச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆராய்ச்சியா பார்த்தா குளறுபடிதான். கவலைப்படல.

பூச்சுக் கம்பி பற்றி நாலு வரி

நிறைய பேர் கேட்கிறதால இதுவும். கோர்-டெக்ஸ் துணி தயாரிக்கிற டபிள்யூ. எல். கோர் கம்பெனி தொண்ணூறுகளில் எலிக்சிர் என்ற பேரில் பூச்சுக் கம்பியைப் பிரபலமாக்கியது. மெல்லிய பாலிமர் உறை அழுக்கைச் சுற்றுக்குள் போக விடாது. விலை சாதாரண செட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல. புதுசுல சாதாரணக் கம்பியை விட ஒரு பிடி அடங்கின மாதிரிதான் எனக்குக் கேட்டது. ஆனா மூணாவது வாரத்தில் அது அப்படியே இருந்தது, சாதாரணம் கீழே போயிடுச்சு. கடற்கரை ஊரில் வியர்க்கிற கைக்குக் கணக்கு சரியா வரும். இதையும் முதல் நாள் கேட்டு எழுதினா தப்பான தீர்ப்புதான் வரும்.

இனி கம்பி விமர்சனம் படிக்கும்போது

நான் மூணு விஷயம் தேடுறேன். முன்னாடி மாட்டியிருந்த கம்பி எவ்வளவு பழசுன்னு சொல்லியிருக்காரா? மாட்டி எத்தனை நாள் கழிச்சு எழுதுறார்? யார் கையில், எந்தக் கிட்டாரில்? இந்த மூணும் இல்லைன்னா அது கம்பியைப் பற்றின விமர்சனம் இல்லை, ஒரு நல்ல சாயங்காலத்தைப் பற்றின குறிப்பு. படிக்க சுகமா இருக்கும், அதை வெச்சுக் கம்பி வாங்கக் கூடாது.

கத்துக்கிற பிள்ளைங்களுக்கு வாங்குறவங்களுக்கு நேரடியா: 10 அல்லது 11 வாங்குங்க. உலோகம் எதுவானாலும் சரி, கடையில் எது இருக்கோ அது. நட் உயரத்தை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்க. பாக்கெட்டில் மாட்டின தேதியை எழுதி வைங்க, இல்லைன்னா கம்பி செத்தது தெரியவே தெரியாது. கை பலமான பிறகு 12 வேணும்னா அவங்களே கேட்பாங்க.

பழைய குறிப்பை நீக்கலை. "கொசு சத்தம்" வரி மேல கோடு போட்டு இதுக்கு இணைப்பு கொடுத்திருக்கேன். தப்பு எப்படி நடந்ததுன்னு தெரியணும்னா தப்பு அங்கேயே இருக்கட்டும்.

கிட்டார் அலமாரி மேல இருந்து இறங்கி ஆறு வாரம் ஆச்சு. எஃப் இன்னும் பத்துக்கு மூணு தடவை செத்துத்தான் விழுது. நேத்து ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சுக்கிட்டிருந்தா. கம்பிக்கு ஒன்றரை மாசம் ஆகுது, மேல்சுரம் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லலாம்னு கதவு வரைக்கும் போனேன். சொல்லாம வந்துட்டேன். அவளுக்கே எப்போ காதில் படுதுன்னு பார்ப்போம்.